திரையில் கோடு விழுந்தால் கார்டு செத்துவிட்டதா?

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மகன் போனில் கூப்பிட்டான். "மாமா, கார்டு போச்சு மாமா. கேம் ஓடும்போது திரை பூரா பச்சைப் புள்ளி தெறிக்குது." குரல் உடைந்திருந்தது. கணினியில் திரைக்கான படத்தை வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சொன்னான், இரண்டு வருடமாகச் சேர்த்த பணத்தில் வாங்கியது. எனக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. "சரிடா, பதறாதே. புள்ளி தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடு. அப்படியே போன் கேமராவிலும் திரையை ஒரு படம் பிடி. ரெண்டையும் எனக்கு அனுப்பு" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் இரண்டு படமும் வந்தன. போனில் எடுத்ததில், இருட்டு வானம் முழுக்கப் பச்சை அரிசி தூவினாற்போல் புள்ளிகள். அதே காட்சியின் ஸ்கிரீன்ஷாட்டில் வானம் துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தது. "கார்டு போகலடா. கேபிளை மாத்திப் பாரு" என்றேன். பழைய மானிட்டரோடு வந்த ஹெச்டிஎம்ஐ கேபிளையே நொடிக்கு 144 படம் காட்டும் புது 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் மாட்டியிருந்தான். மேசைக்குப் பின்னால் சுவரோடு நெருங்கி, முனை மடங்கிக் கிடந்ததாம். புது கேபிள் வாங்கி மாட்டிய அன்றே புள்ளிகள் போய்விட்டன.

இந்த ஒரு சோதனையை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஸ்கிரீன்ஷாட் என்பது கார்டின் நினைவகத்தில் வரைந்து முடிக்கப்பட்ட படத்தின் நகல். கார்டை விட்டு வெளியேறிய பிறகு படத்துக்கு நேரும் எந்தக் கெடுதலும் அதில் பதியாது. ஆகவே கோளாறு ஸ்கிரீன்ஷாட்டிலும் இருந்தால் கார்டுக்குள்ளோ அதற்கு முன்னாலோ தேட வேண்டும். கண்ணுக்குத் தெரிந்து ஸ்கிரீன்ஷாட்டில் இல்லை என்றால் கேபிள், மானிட்டர், அல்லது கார்டின் வெளியேறும் வாசலான அந்த போர்ட். வேறு போர்ட்டில் மாட்டிப் பார்த்தால் அந்தக் கடைசிச் சந்தேகமும் தீர்ந்துவிடும். ஐந்து பைசா செலவில்லை.

திரையில் தெரியும் படம் நீண்ட பயணம் செய்து வருகிறது. கேம், காட்சியை லட்சக்கணக்கான முக்கோணங்களாகவும் அவற்றின் மேல் ஒட்டும் படங்களாகவும் தருகிறது. டிரைவர் அதைக் கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிறது. கார்டின் நடுவில் இருக்கும் சிப் கணக்குப் போடுகிறது. சுற்றிலும் உட்கார்ந்திருக்கும் வீடியோ ரேம் சிப்புகள் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்கின்றன. 1920-க்கு 1080 திரையில் ஒரு படத்துக்கு 20,73,600 பிக்சல்கள். அப்படிப்பட்ட படம் நொடிக்கு 60 அல்லது 144 என்று கேபிள் வழியாக மானிட்டருக்குப் போகிறது. இந்தப் பாதையில் எந்த இடம் பழுதானாலும் நாம் சொல்வது ஒன்றுதான்: "கோடு கோடா வருது." ஆனால் ஒவ்வொரு இடத்துப் பழுதுக்கும் தனித் தனிக் கைரேகை உண்டு. அதைப் படிக்கத் தெரியாமல்தான் நல்ல கார்டைக் கழற்றிப் போடுகிறோம், போன கார்டுக்கு விண்டோஸை மூன்று முறை மாற்றிப் போடுகிறோம்.

பாதையின் கடைசியிலிருந்து பின்னோக்கி வருவதே எனக்குப் பிடித்த முறை, ஏனென்றால் அந்தப் பக்கம்தான் சோதனைகள் எளிது. திரையில் செங்குத்தாக ஒரு கோடு அசையாமல் நிற்கிறதா? மானிட்டரின் பட்டனை அழுத்தி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் மெனுவைத் திறந்து பாருங்கள். அந்த மெனுவை வரைவது மானிட்டரே. கார்டுக்கு அதில் பங்கில்லை. கோடு மெனுவின் மேலும் ஊடுருவிப் போனால் பழுது மானிட்டரின் பேனலில். மெனு சுத்தமாக, அதன் பின்னால் மட்டும் கோடு என்றால் மானிட்டரின் பேனல் தப்பித்தது.

கேபிள் பழுது பெரும்பாலும் மினுமினுப்பாகத் தெரியும். புள்ளிகள் ஓரிடத்தில் நிற்காமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். டிஸ்பிளே போர்ட் கேபிளாக இருந்தால் திரை ஓரிரு நொடி கறுத்துத் திரும்பி வரும், ஏனென்றால் இணைப்பு அறுந்ததும் கார்டும் மானிட்டரும் மறுபடி பேசி வேகத்தை முடிவு செய்துகொள்கின்றன. மானிட்டரின் வேகத்தை 144-இலிருந்து 60 ஹெர்ட்ஸுக்குக் குறைத்துப் பாருங்கள். அப்போது புள்ளி மறைந்தால், அந்த வேகத்தைத் தாங்கும் திராணி கேபிளுக்கு இல்லை என்று பொருள்.

பழுதே இல்லாத சில விஷயங்களையும் பழுது என்று நினைத்துப் பயப்படுகிறோம். வேகமாகத் திரும்பும்போது படம் குறுக்கே வெட்டி ஒட்டினாற்போல் விலகினால், கார்டின் வேகமும் மானிட்டரின் வேகமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். தூரத்துச் சுவரில் இரண்டு நிறங்கள் மாறி மாறிச் சிமிட்டினால், கேமை உருவாக்கியவர்கள் இரண்டு பரப்புகளை ஒரே இடத்தில் வைத்துவிட்டார்கள். உலகத்தில் எல்லோருடைய கணினியிலும் அதே சுவர் அப்படித்தான் சிமிட்டும். பக்கத்தில் போன பிறகுதான் தரை தெளிவாகிறது என்றால் டிஸ்க் மெதுவாக இருக்கலாம், வீடியோ ரேம் போதாமல் இருக்கலாம். கேமுக்குள் எப்போதும் அதே இடத்தில், அதே விதமாக வரும் கோளாறு பெரும்பாலும் மென்பொருளுடையது. சாகும் கார்டு இப்படி ஒவ்வொரு முறையும் கேமின் அதே இடத்தில் வந்து நிற்காது.

டிரைவர் விஷயத்துக்கு வருவோம். ஒரே ஒரு கேமில் மட்டும் கோளாறு, மற்றவை நன்றாக ஓடுகின்றன என்றால் முதல் சந்தேகம் அந்த கேம் மேல், அடுத்தது டிரைவர் மேல். புது டிரைவர் போட்ட மறுநாள் ஆரம்பித்திருந்தால் பழையதற்குத் திரும்பிவிடுங்கள். அரைகுறையாக மேலே மேலே போட்ட டிரைவர் குப்பையாகிவிடும். விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியால் முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது நல்லது. சில சமயம் டிரைவர் உண்மையாகவே கார்டைக் கொல்லக்கூடியது. 2010 மார்ச்சில், கார்டுகளின் நடு சிப்பைச் செய்யும் என்விடியா வெளியிட்ட 196.75 டிரைவரில் ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியில் பிழை இருந்தது. கேம் சூடேற்ற, ஃபேன் வேகமெடுக்க மறுத்தது. சில நாட்களுக்குள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

டிரைவரா கார்டா என்று பிரித்துக் காட்ட ஓர் அருமையான சாட்சி இருக்கிறது: கணினியை ஆன் செய்ததும் வரும் மதர்போர்டு லோகோவும், விண்டோஸுக்கு முன்னால் கணினியின் அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையும். அந்த நேரத்தில் விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. கார்டு தன்னிடம் உள்ள சின்ன நிரலை வைத்துத் தானே வரைகிறது. அந்தத் திரையிலேயே கட்டங்களும் கோடுகளும் விழுந்தால், கேபிளையும் மானிட்டரையும் ஏற்கெனவே விலக்கியிருந்தால், பழுது வன்பொருளில்தான். அதற்குப் பிறகும் விண்டோஸை மாற்றிப் போடச் சொல்கிறவருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

என் பழைய கார்டில் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கேமில், ஒரு சுவரின் மேல் மட்டும் ஊதா நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள். திரும்பிப் பார்த்தால் போய்விடும். நான் கேமின் மேல் பழி போட்டேன். ஒரு வாரத்தில் எல்லாக் கேமிலும் வந்தன. அப்புறம் ஒரு நாள் காலையில் ஆன் செய்தால், மதர்போர்டு லோகோவுக்கு மேலேயே கோலப்புள்ளி வைத்ததுபோல் ஒரே இடைவெளியில் வரிசையாகக் கட்டங்கள். அந்த ஒழுங்கான இடைவெளிதான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது. பழுது ஏன் இவ்வளவு ஒழுங்காக இருக்க வேண்டும்?

காரணம் வீடியோ ரேம் சேமிக்கும் முறை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2080 போன்ற ஒரு கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1 ஜிபி அளவுள்ள 8 ரேம் சிப்புகள். ஒவ்வொன்றுக்கும் 32 தடங்கள், ஆக மொத்தம் 256. ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 1,400 கோடி பிட்கள் ஓடுகின்றன. எல்லாம் சேர்ந்து நொடிக்கு 448 ஜிபி. இந்த வேகத்தை எட்டுவதற்காக, படத்தை ஒரே சிப்பில் வைக்காமல் துண்டு துண்டாக எட்டுக்கும் பந்தி பரிமாறுவதுபோல் வரிசையாகப் பகிர்ந்து வைக்கிறார்கள். எட்டில் ஒரு சிப் கெட்டால், அதன் பங்கு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் மட்டும் படம் கெடும். அதனால்தான் கோலப்புள்ளி போன்ற அந்த வரிசை. ஒழுங்கான இடைவெளியில் கட்டமோ கோடோ வந்தால் ரேம் சிப்பையோ, அதற்கும் நடு சிப்புக்கும் இடையிலுள்ள ஈயப் பற்றையோ சந்தேகிக்கலாம்.

2018-இல் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ வெளியான சில வாரங்களில் இதே மாதிரிக் கட்டங்கள் பலருடைய திரையில் வந்தன. பழைய வீடியோ கேமின் வேற்றுக்கிரகப் படை வரிசை போல் இருந்ததால் ஆங்கிலத்தில் அதற்கு 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்று அந்த கேமின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் தயாரான சில கார்டுகள் சோதனையில் பிடிபடாமல் தப்பி வெளியே போய்விட்டதே காரணம் என்று அந்த நவம்பரில் என்விடியா ஒப்புக்கொண்டது. ஆகவே புது கார்டு கெடாது என்று நினைக்கக் கூடாது. வாங்கிய முதல் வாரத்தில்தான் நன்றாகப் பிழிந்து சோதிக்க வேண்டும்.

"டெஸ்க்டாப்பில் நல்லா இருக்கு, கேமில் மட்டும்தான் வருது, அப்ப கேம்தானே தப்பு?" என்று பலரும் கேட்கிறார்கள். இல்லை. டெஸ்க்டாப்புக்குச் சில நூறு எம்பி போதும். கேம் பல ஜிபியை நிரப்பும். கெட்ட இடம் மேலே எங்கோ இருந்தால், அதுவரை நிரம்பும்போதுதான் வெளியே தெரியும். டெஸ்க்டாப்பில் கார்டு சோம்பலாக, குறைந்த வேகத்தில், குறைந்த சூட்டில் ஓடுகிறது. கேம் ஆரம்பித்ததும் வேகம், மின்சாரம், சூடு மூன்றும் ஒன்றாக எகிறும். நோய்வாய்ப்பட்டவர் உட்கார்ந்திருக்கும்போது நன்றாகத் தெரிவார், மாடிப்படி ஏறினால்தானே மூச்சிரைக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கெட்டுப்போன ஒரு பிட் எதைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்துத் திரையில் தெரிவது மாறும். சுவரின் நிறத்தைச் சொல்லும் பிட் என்றால் தவறான நிறத்தில் ஒரு புள்ளி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். முக்கோணத்தின் மூலை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் பிட் என்றால் அந்த மூலை எங்கோ அடிவானத்துக்குப் பறந்துவிடும். கதாபாத்திரத்தின் தோளிலிருந்து நீண்ட ஈட்டிகள் கிளம்பித் திரையைக் குத்துவதுபோல் தெரிவது இதனால்தான். கட்டளையைச் சொல்லும் பிட் என்றால் சிப்பே திகைத்து நின்றுவிடும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இதற்கென்று ஒரு காவல் இருக்கிறது: கார்டு 2 நொடிக்குப் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரைத் தட்டி எழுப்பும். திரை கறுத்துத் திரும்பி வந்து, விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். எழுப்பியும் எழாவிட்டால் நீலத்திரை. ஒரே பழுது முதல் வாரம் புள்ளியாகவும், இரண்டாம் வாரம் ஈட்டியாகவும், மூன்றாம் வாரம் கறுப்புத் திரையாகவும் வருவதில் ஆச்சரியமில்லை.

ரேம் சிப்பும் நடு சிப்பும் பேசிக்கொள்ளும் வழியில் ஜிடிடிஆர்5 வகை வீடியோ ரேம் வந்த காலம் முதலே ஒரு சரிபார்ப்பு உண்டு. வழியில் ஒரு பிட் தவறினால் கண்டுபிடித்துத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ரேம் வேகத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் திரையில் ஒன்றும் தெரியாமல் கேமின் வேகம் மட்டும் குறைவது இதனால்தான். திரும்பத் திரும்பக் கேட்பதிலேயே நேரம் போகிறது. ஆனால் இது வழியில் நேரும் தவறுக்கு மட்டும். சிப்புக்குள் எழுதி வைத்ததே அழிந்துபோனால் வீட்டுக் கார்டுகளில் பெரும்பாலும் கேட்க ஆளில்லை.

இதைச் சோதிக்க நல்ல கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓசிசிடி-யில் வீடியோ ரேமை நிரப்பிச் சரிபார்க்கும் சோதனை உண்டு. மெம்டெஸ்ட் வல்கன் என்ற சின்ன நிரலும் அதையே செய்கிறது. ஒரு பிழைகூட வரக் கூடாது. ஒன்று வந்தாலும் கார்டு நலமில்லை. ஃபர்மார்க் போன்ற சூடேற்றும் கருவியை, ஏற்கெனவே தள்ளாடும் கார்டில் மணிக்கணக்கில் ஓடவிட வேண்டாம். அடுத்தது, கார்டின் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் நிரலில் ரேமின் வேகத்தை 300 அல்லது 500 மெகாஹெர்ட்ஸ் குறைத்துவிட்டு அதே கேமை ஓட்டிப் பாருங்கள். கட்டம் மறைந்தால் ரேம் பக்கம் பழுது உறுதி. ரேம் வேகத்தால் மாற்றமில்லை, நடு சிப்பின் வேகத்தைக் குறைத்தால் சரியாகிறது என்றால் சந்தேகம் அங்கே போகும். நீங்களோ கடைக்காரரோ எப்போதோ ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஏற்றிவிட்டு மறந்திருந்தால், முதலில் அதை நீக்குங்கள்.

சூட்டுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு: நேரம். ஆரம்பித்துப் பதினைந்து இருபது நிமிடம் கழித்துத்தான் வருகிறது, கேமை நிறுத்திக் கொஞ்சம் ஆறவிட்டால் போகிறது என்றால் சூடு. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ நிரலில் நடு சிப்பின் சூட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். ஹாட் ஸ்பாட் (சிப்பிலேயே அதிகம் சூடான இடம்) என்றும் மெமரி (வீடியோ ரேம்) என்றும் வேறு எண்கள் இருக்கும். ஜிடிடிஆர்6எக்ஸ் ரேம் 110 டிகிரியில் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். நடு சிப் 68-இல் நிம்மதியாக இருக்க, ரேம் 106-இல் தவிப்பதெல்லாம் சாதாரணம். காரணம், ரேமையும், சூட்டை இழுக்கும் உலோகமான ஹீட்சிங்க்கையும் இணைக்கும் மெத்தென்ற தெர்மல் பேட் காய்ந்து சுருங்கியிருக்கும். மாற்றும்போது பழைய பேடின் தடிமனை அளந்து அதே தடிமனில் வாங்குங்கள். தடிமன் அதிகமானால் நடு சிப்பில் ஹீட்சிங்க் சரியாக உட்காராது. தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று வேகத்தில் அது கண்டபடி சுற்றிக் கெட்டுப்போகும்.

நம் ஊர் மே மாதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அறை 25 டிகிரியாக இருந்தபோது 75-இல் ஓடிய கார்டு, அறை 38 ஆனால் 88-ஐத் தொடும். கார்டு மாறவில்லை, உள்ளே இழுக்கும் காற்று மாறிவிட்டது. கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைத்து மேசை ஃபேனைத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். கோளாறு நின்றால் காரணம் தெரிந்துவிட்டது.

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பழுது படத்தை அழகாகக் கெடுக்காது, ஒரேயடியாக அணைக்கும். கேமில் பெரிய வெடிப்பு ஒன்று நடக்கும் நொடியில் கார்டு கேட்கும் மின்சாரம் சட்டென்று எகிறும். கொடுக்க முடியாத எஸ்எம்பிஎஸ் கைவிட, திரை கறுத்து, ஃபேன் அலறும், அல்லது கணினி தானே ரீஸ்டார்ட் ஆகும். ஈவென்ட் வியூவரில் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அந்த 41-ஐ வைத்து யாராவது எஸ்எம்பிஎஸ் போச்சு என்று தீர்ப்புச் சொன்னால் நம்ப வேண்டாம். முறையாக அணைக்காமல் நின்றுபோனது என்று மட்டும்தான் அது சொல்கிறது. கார்டுக்கு இரண்டு 8 பின் இணைப்புகள் இருந்தால், ஒரே வயரின் இரண்டு தலைகளை மாட்டாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி வயர்களாகக் கொடுங்கள்.

கார்டின் மேல் பழி விழுந்து, குற்றவாளி வேறு இடத்தில் இருந்த பெரிய கதை ஒன்று அண்மையில் நடந்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர் வைத்திருந்த பலருக்கு, அன்ரியல் எஞ்சின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த கேம்கள் திறக்கும்போதே "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி விழுந்தன. 24 ஜிபி ரேம் உள்ள கார்டு வைத்திருந்தவருக்கும் அதே செய்தி. மனிதர்கள் கார்டை மாற்றினார்கள், டிரைவரை மாற்றினார்கள். உண்மையில், கேம் திறக்கும்போது சுருக்கி வைத்த ஷேடர்களை (கார்டு வரைய உதவும் சின்ன நிரல்களை) விரிக்கும் கணக்கைப் பிராசஸர் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தது. தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய்ப் பிராசஸர் மெல்ல மெல்லச் சேதமாகிறது என்று 2024 ஜூலையில் இன்டெல் சொன்னது. ஆகஸ்டில் பிராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோடு என்ற நிரலுக்குத் திருத்தம் வந்தது, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். அதுபோல கணினியின் ரேமில் பிழை இருந்தாலும் கார்டுக்குப் போகும் படங்கள் வழியிலேயே கெடும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு ராத்திரி ஓடவிடாமல் கார்டைக் குற்றம் சொல்லக் கூடாது.

இனி என் மனசில் நீண்ட நாளாக இருக்கும் விஷயம்: கார்டுக்கு ஹீட் வைப்பது.

கோலப்புள்ளி போட்ட என் கார்டை ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "சிப்புல டிரை சோல்டர் சார், ஹீட் வெச்சா எந்திரிச்சுடும்" என்றார். ஈயப் பற்று விட்டுப்போயிருக்கிறது என்பது அவர் கருத்து. கண் முன்னாலேயே சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன்னால் நடு சிப்பைச் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டினார். கூலி வாங்கிக்கொண்டார். மாட்டினால் திரை கண்ணாடிபோல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. பத்தொன்பதாம் நாள் கட்டங்கள் திரும்பி வந்தன. இரண்டாம் முறை வைத்த சூடு நான்கு நாள் தாங்கியது. மூன்றாம் முறை டிஸ்பிளேவே வரவில்லை. அவர் என்னை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். சூடு காட்டினால் ஏன் கார்டு எழுந்திருக்கிறது, ஏன் மறுபடி விழுகிறது என்பதை இருவருமே அறியாமல் இருந்தோம்.

நடு சிப் நேராகப் போர்டில் ஒட்டியிருக்கவில்லை. மேலே சிலிக்கான் துண்டு. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான ஈயப் பொட்டுகள். அவை உட்காரும் சின்னப் பச்சைத் தட்டு. அந்தத் தட்டின் அடியில் கொஞ்சம் பெரிய ஈயக் குண்டுகள். அதற்குக் கீழேதான் போர்டு. சூடானால் எல்லாம் விரியும், ஆனால் ஒரே அளவில் அல்ல. அந்தத் தட்டு சிலிக்கானைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு விரியும். கேம் ஆரம்பித்தால் விரிவு, முடித்தால் சுருக்கம், தினமும் பல முறை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஈயப் பொட்டுகளை இந்த இழுபறி நொறுக்காமல் இருக்கத்தான் சுற்றிலும் ஒரு பிசின் நிரப்புகிறார்கள். பிசின் சரியில்லாவிட்டால் பொட்டுகள் விரிசல் விடும்.

2008 ஜூலை 2 அன்று, லேப்டாப்களுக்குக் கொடுத்த தன் சில சிப்புகளில் இந்தப் பொருள்கள் பலவீனமாக இருந்ததால் வழக்கத்துக்கு மீறிய அளவில் பழுது வருகிறது என்று அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை என்விடியா ஒதுக்கியது. அதே வருடம் அக்டோபரில், ஜிஃபோர்ஸ் 8600எம் ஜிடி சிப் வைத்த சில மேக்புக் ப்ரோக்களில் படம் சிதைவதையோ வராமல் போவதையோ இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஆப்பிள் அறிவித்தது. அதற்கு முந்தைய வருடம், 2007 ஜூலையில், எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் கருவியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு வளையமாக எரியும் பழுதுக்காக மைக்ரோசாஃப்ட் வாரண்டியை 3 வருடமாக்கி 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருந்தது. ஆன் ஆஃப் செய்யும்போது ஏறி இறங்கும் சூட்டால் உள்ளிணைப்புகள் உடைந்ததுதான் காரணம் என்று 2021-இல் அவர்களே விளக்கினார்கள். கம்பெனி, கருவி எல்லாம் வேறு. உடைந்த இடம் ஒன்றுதான்.

சூடு காட்டும்போது விரிசல் விட்ட இரு முகங்கள் விரிவால் ஒன்றையொன்று மறுபடி தொட்டுக்கொள்கின்றன. மின்சாரம் பாய்கிறது, படம் வருகிறது. ஆனால் அவை உருகி ஒன்றாகவில்லை. அடுத்த சில வாரங்களின் சூடும் குளிரும் அவற்றை மறுபடி பிரித்துவிடும். வீட்டு அடுப்பில் 200 டிகிரி அளவில் கார்டைச் சுடும் வழக்கம் ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. நாம் ஈயம் என்று சொல்லும் பற்றில் உண்மையான ஈயம் சேராத வகை உருகவே 217 டிகிரி வேண்டும். அந்தக் காலத்துச் சிப்புகளின் உள்ளே இருந்த ஈயம் மிகுந்த பொட்டுகளுக்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக அந்த அடுப்பில் எதுவும் உருகவில்லை. உருகியதெல்லாம் பிளாஸ்டிக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுளும்தான். சமைக்கும் அடுப்பில் அந்தப் புகை படிவதும் ஆபத்து. தயவுசெய்து செய்யாதீர்கள்.

உண்மையான பழுது பார்ப்பு உண்டு. வீடியோ ரேம் சிப் ஒன்று போயிருந்தால், எது என்று சோதனை நிரலால் கண்டுபிடித்து, அதை மட்டும் கழற்றிப் புதிதாக வைக்கலாம். நல்ல சிப் லெவல் சர்வீஸ் செய்கிறவர்களிடம் இது நிலைத்து நிற்கும் வேலை. சிப்பின் அடியிலுள்ள பெரிய குண்டுகள் விட்டிருந்தால் அவற்றை எடுத்துவிட்டுப் புதுக் குண்டுகள் வைக்கும் ரீபால் செய்யலாம். நடு சிப்பின் உள்ளே விரிசல் என்றால் சிப்பையே மாற்ற வேண்டும்; அந்தச் செலவுக்கு வேறு கார்டு வந்துவிடும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "எந்த சிப் போயிருக்கு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" இதற்குப் பதில் சொல்கிறவரிடம் கொடுங்கள். ஹாட் ஏர் கன்னை முதலில் எடுக்கிறவரிடம் வேண்டாம்.

சூடேறி இறங்கும் இழுபறியை நாமே குறைக்கலாம். கேம் நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வையுங்கள். 2021 ஜூலையில் நியூ வேர்ல்டு என்ற கேமின் சோதனைப் பதிப்பில், ஒன்றும் நடக்காத மெனு திரையிலேயே கார்டுகள் வரம்பில்லாமல் நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்களை வரைந்து தள்ளின. அப்போது செத்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகளில் 24 தன்னுடையவை என்றும், அவற்றின் மின்சுற்றில் பற்றவைப்பு சரியில்லை என்றும் ஈவிஜிஏ கம்பெனி பிறகு சொன்னது. கேம் கொன்றது என்பதைவிட, ஏற்கெனவே இருந்த பலவீனத்தை அந்தச் சுமை வெளியே கொண்டுவந்தது என்பதே சரி.

வாரண்டி இருந்தால் ஸ்குரூவைத் தொடாதீர்கள், பேடை மாற்றாதீர்கள். ஆன் செய்வதிலிருந்து பயாஸ் திரை வரை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். கார்டின் சீரியல் எண்ணும் அதில் தெரியட்டும். முடிந்தால் நண்பர் வீட்டுக் கணினியில் மாட்டி அங்கேயும் அதே கட்டம் வருவதை எடுங்கள். சர்வீஸ் சென்டரில் குளிர்சாதன அறையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. எத்தனை நிமிடத்தில், எந்தச் சோதனையில், ரேம் எத்தனை டிகிரி தொடும்போது வருகிறது என்று ஒரு தாளில் எழுதி கார்டுப் பெட்டியோடு வைத்து அனுப்புங்கள். வாரண்டி முடிந்த கார்டாக இருந்தால், ரேம் வேகத்தை 500 குறைத்து, மின்சார வரம்பை 70 சதவீதமாக்கி, பிழை வராத அளவில் நிறுத்தி ஓட்டலாம். அக்கா மகனின் நண்பன் ஒருவனுடைய கார்டு அப்படித்தான் ஒன்பதாவது மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.